பூச்சிமருந்துக் கடையின் மாடி

சங்கரன்கோவிலில் திருவேங்கடம் சாலையில் நான் வேலை பார்த்த கடைக்குப் பெயர்ப்பலகையே தேவையில்லை. மூக்கு இருக்கிறவர்கள் தானாக வந்து சேர்ந்துவிடுவார்கள். உரமும் பூச்சிமருந்தும் விற்கிற கடை. முன்பக்கம் யூரியா மூட்டைகள், அலமாரியில் என்ட்ரின் டப்பாக்கள், பின்னால் ஜன்னல் இல்லாத அறையில் பி.எச்.சி. பவுடர். எழுபதுகளில் அந்தப் பவுடர் போகாத வயலோ வீடோ எங்கள் பக்கத்தில் கிடையாது. நெல்லுக்கும் பருத்திக்கும் மிளகாய்க்கும் தூவினார்கள். மூட்டைப்பூச்சிக்காகக் கட்டில் சந்துகளில் போட்டார்கள். எறும்பு வராமலிருக்க அடுப்படி ஓரம் கோடு இழுத்தார்கள். பயறு வைத்திருக்கும் குலுக்கையைச் சுற்றித் தூவி வைத்தவர்களும் உண்டு.

மூட்டையைப் பிரித்து, அள்ளி நிறுத்து, பழைய பேப்பரில் பொட்டலம் மடித்துக் கொடுப்பது என் வேலை. அள்ளும்போது கிளம்பும் தூசி புருவத்திலும் காது மடலிலும் வெள்ளையாகப் படியும். வாங்க வருகிறவர்கள் பொட்டலத்தைப் பிரித்து முகர்ந்து பார்ப்பார்கள். சுள்ளென்று மூக்கில் ஏறினால்தான் நல்ல சரக்கு என்று எண்ணம்.

"வாசமே இல்லியே அண்ணாச்சி, பழசைத் தள்ளி விடுதியளோ?" என்று யாராவது கேட்டால், முதலாளி மறுபேச்சில்லாமல் வேறு மூட்டையைப் பிரிக்கச் சொல்வார்.

நான் குருவிகுளம் பக்கத்து மானாவாரிக் குடும்பம். மழை பொய்த்த ஒரு வருஷம், பத்தாவது முடித்த சான்றிதழோடு சங்கரன்கோவிலுக்கு வந்து இந்தக் கடையில் சேர்ந்தேன். முதலாளி நல்ல மனிதர். கடைக்கு மேலே ஓர் அறையும் சின்னச் சமையல்கட்டும் சும்மா கிடந்தன. வாடகை கேட்காமல் என்னை அங்கே இருக்கச் சொன்னார். அதைப் பெரிய அதிர்ஷ்டமாக நினைத்தேன். ஊரில் எல்லோரும் அப்படித்தான் நினைத்தார்கள்.

எழுபதுகளின் கடைசியில் எனக்குக் கல்யாணம் ஆனது. பெண்ணுக்கு ராயகிரி. அவளுடைய அப்பாவுக்கு அங்கே நன்செய் இருந்தது. எங்கள் கடையில் மருந்து வாங்க வந்து பழகியவர். அந்தப் பழக்கத்தில்தான் சம்பந்தப் பேச்சே ஆரம்பித்தது. மாடிக்கு முதல்முதலாக வந்த அன்று அவள் வாசலிலேயே நின்றாள்.

"இது என்ன வாசம்?"

"கீழ கடை இருக்குல்லா. ரெண்டு நாள்ல பழகிரும்."

அவள் சிரித்தாள். உள்ளே வந்து முதல் வேலையாக, கொல்லைப்பக்க ஜன்னலைத் திறந்து வைத்தாள். அந்த ஜன்னலுக்கு நேர் கீழே பவுடர் அறையின் ஓடு இருந்தது. அதில் இருவருக்குமே எதுவும் தோன்றவில்லை.

முதல் ஆறேழு மாதங்கள் எங்களுக்கு நன்றாகவே இருந்தன. மத்தியானம் கடையில் ஆள் குறையும்போது மேலே வந்து சாப்பிட்டுவிட்டு, ஐந்து நிமிஷம் அவளோடு பேசிவிட்டு இறங்குவேன். அவளுக்குப் பேச நிறைய இருந்தது. ராயகிரியில் நாள் முழுக்க ஆட்களோடு இருந்து வளர்ந்தவள். இங்கே நான் ஒருவன்தான். சாலையில் போகிற வில்வண்டி, ஐஸ் விற்கிறவர், எதிர்வீட்டில் புதிதாக வாங்கிய ரேடியோ என்று எல்லாவற்றையும் சேர்த்து வைத்திருந்து சொல்வாள்.

முதலில் சாயங்காலங்களில் இருமல் வந்தது. கெரசின் ஸ்டவ் புகை என்று நினைத்தோம். பிறகு விடியற்காலையில் எழுந்து உட்கார ஆரம்பித்தாள். கொசுவர்த்தியை நிறுத்தினோம். ஒருநாள் அவள் முதுகில் கைவைத்தபோது உள்ளே சின்னதாக ஒரு விசில் சத்தம் கேட்டது.

"நெஞ்சுக்குள்ள யாரோ ஊதுத மாதிரி இருக்கு" என்றாள்.

ஆளுக்கொரு காரணம் சொன்னார்கள். தயிர் கூடாது என்றார்கள். வெள்ளிக்கிழமை தலைக்கு ஊற்றிவிட்டு ஈரத்தோடு படுப்பதால் என்றார்கள். தூதுவளை ரசம், ஆடாதொடைக் கஷாயம் எல்லாம் நடந்தது. எதிர்வீட்டுப் பெண் மட்டும் வேறு மாதிரிச் சொன்னாள். "ஒத்தையில கெடக்குத பிள்ளைக்கு மனசு முட்டும். அதுதான் மூச்சா வருது." என் மனைவி அதை என்னிடம் சொல்லிவிட்டு, "அப்படியும் இருக்குமோ?" என்று கேட்டாள்.

ஆடிக்கு அவளை ராயகிரிக்கு அழைத்துப் போனார்கள். போன நாலாம் நாள் மூச்சு சரியாகிவிட்டது. வயலுக்கும் வீட்டுக்கும் நடந்து, பழையபடி ஆகிவிட்டாள் என்று மாமனார் கடைக்கு வந்தபோது சொன்னார். ஆவணியில் மாடிக்குத் திரும்பினாள். ஒரு வாரம் தாங்கவில்லை. மறுபடி தங்கை கல்யாணத்துக்குப் போனாள், சரியானது. வந்தாள், திரும்பவும் இழுப்பு வந்தது. குருவிகுளத்திலிருந்து எங்களைப் பார்க்க வந்த என் அம்மா, சமையல்கட்டில் அவள் காதில் விழுகிற மாதிரியே சொன்னாள்.

"புருசன் வீட்டுக்கு வந்தா மட்டும் வருத சீக்கு என்ன சீக்கு?"

முறத்தில் அரிசியைப் புடைத்துக்கொண்டிருந்தவள் அப்படியே புடைத்துக்கொண்டிருந்தாள்.

அதற்கடுத்த வாரம் ஒரு மத்தியானம் அவளால் மாடிப்படி இறங்க முடியவில்லை. கைத்தாங்கலாக இறக்கி, சைக்கிள் ரிக்‌ஷாவில் வைத்து டாக்டரம்மாவிடம் கூட்டிப் போனேன். அவர் பாளையங்கோட்டைப் பக்கத்துக் கிறிஸ்தவக் குடும்பம், நடுத்தர வயது. அதிர்ந்து பேசமாட்டார். அவளைப் படுக்க வைத்து ஸ்டெதஸ்கோப்பை எடுத்தார். நான் குனிந்து அவள் தலையைத் தூக்கிப் பிடித்தேன். அப்போது இழுப்பு இன்னும் கூடியது. டாக்டரம்மா என்னை நிமிர்ந்து பார்த்தார்.

"நீங்க என்ன வேலை பாக்கிய?"

"மருந்துக்கடையில, டாக்டரம்மா."

"மாத்திரை விக்கிற கடையா?"

"இல்ல. பூச்சிமருந்து."

"வீடு எங்க?"

"கடைக்கு மேலதான்."

அவர் என் சட்டையையும் கையையும் பார்த்தார். பிறகு, "நீங்க கொஞ்சம் வெளிய போய் நில்லுங்க" என்றார்.

வராந்தாவில் நின்றேன். பச்சைத் திரைக்கு அந்தப் பக்கம் அவள் மூச்சு கேட்டது. ஊசி போட்டார்கள். மூச்சின் சத்தம் மெல்ல மெல்லக் குறைந்தது. நான் பக்கத்தில் இல்லாதபோது அவள் மூச்சு சீராவதை நின்று கேட்டுக்கொண்டிருந்தேன். ஊசியால்தான் குறைந்தது என்று எனக்குத் தெரியும். ஆனாலும் உள்ளே போகத் தயக்கமாக இருந்தது.

டாக்டரம்மா வெளியே வந்தார். "இப்போ அடங்கிரும். திரும்ப அதே வீட்டுக்குப் போனா திரும்ப வரும். வீட்டை மாத்துங்க. சட்டையைக் கடையிலேயே கழத்திப் போட்டுட்டு, குளிச்சிட்டு வீட்டுக்குள்ள போங்க."

"எனக்கு ஒண்ணும் செய்யலியே டாக்டரம்மா."

"செய்யலன்னு இல்ல. உங்களுக்குத் தெரியல."

கோவிலுக்கு வடக்கே நெசவாளர் தெரு ஒன்றில் வீடு பார்த்தோம். பகல் முழுக்கத் தறிச் சத்தம். அது அவளுக்குப் பிடித்தது, ஆள் நடமாட்டம் இருக்கிறதே என்றாள். நான் கடையிலேயே குளித்து, வேறு சட்டை மாற்றி, தலையைத் துவட்டிக்கொண்டே வருவேன். ஒரு மாதம் நன்றாகப் போனது. ஆனால் வீட்டுக்குப் பின்னால் நூலுக்குச் சாயம் போடுகிற பட்டறை இருந்தது. வாரத்தில் சில நாள் நூலை வெளுப்பார்கள். பிளீச்சிங் பவுடரும் ஆசிட்டும் கலந்த ஒரு நெடி சுவரைத் தாண்டி வரும். தெருவில் யாரும் அதைப் பற்றிப் பேசமாட்டார்கள். கண்ணைத் துடைத்துக்கொண்டு வேலையைப் பார்ப்பார்கள். எல்லோர் பிழைப்பும் அந்த நூலில்தான் இருந்தது. அந்த நாட்களில் அவள் தெருமுனைக்குப் போய்க் குழாயடியில் நிற்பாள். நெடி அடங்கியதும் வருவாள்.

அங்கேதான் அது நடந்தது. மலேரியாக்காரர்கள் என்று நாங்கள் சொல்லும் அரசாங்க ஆட்கள் கைப்பம்புகளோடு தெருவுக்கு வந்து, வீடு வீடாக நுழைந்து சுவர்களில் டி.டி.டி. அடித்தார்கள். அவர்களைக் குறை சொல்ல ஒன்றுமில்லை, காய்ச்சல் பரவாமலிருக்கத்தான் வந்தார்கள். வீட்டில் அவள் மட்டும் இருந்தாள். வேண்டாம் என்று சொல்லிப் பார்த்திருக்கிறாள். சர்க்கார் உத்தரவு என்று சொல்லியிருக்கிறார்கள். அவள் வெளியே ஓடி வந்திருக்கிறாள். வெளியே அன்றைக்கென்று பட்டறையில் நூல் வெளுத்துக்கொண்டிருந்தார்கள். எந்தப் பக்கம் போவதென்று தெரியாமல் தெருநடுவில் நின்று, அப்படியே உட்கார்ந்துவிட்டாள்.

ஆள் வந்து சொல்லி, கடையிலிருந்து ஓடினேன். அவளைச் சுற்றிப் பெண்கள் நின்றார்கள். நான் அவளைத் தூக்கப் போனேன். பவுடர் அள்ளிக்கொண்டிருந்த கையோடும் சட்டையோடும் வந்திருக்கிறேன் என்பது அவள் கையை நீட்டித் தடுத்தபோதுதான் நினைவுக்கு வந்தது. பேச முடியாததால் கையை மட்டும் அசைத்தாள். நான் பின்னால் நகர்ந்தேன். அக்கம்பக்கத்துப் பெண்கள்தான் அவளைத் தூக்கி வண்டியில் வைத்தார்கள்.

இரண்டு நாள் டாக்டரம்மாவிடம் இருந்துவிட்டு, அங்கிருந்தே ராயகிரிக்குப் போனாள்.

"கொஞ்ச நாள் இருந்துட்டு வாரேன்" என்றாள்.

அந்தக் கொஞ்ச நாள் சில வருஷங்களாகிவிட்டது.

நான் வாடகை வீட்டைக் காலி செய்துவிட்டு மறுபடி கடை மாடிக்கே வந்தேன். தனி ஆளுக்கு எதற்கு வாடகை. ஹோட்டலில் சாப்பிட்டேன். கடை அடைத்த பிறகு மாடியில் உட்கார்ந்திருக்க முடியாமல் ரயில்வே ஸ்டேஷனுக்கு நடப்பேன். பிளாட்பாரத்துக் கடைசி பெஞ்சில் உட்கார்ந்து, வண்டி வந்து ஆட்கள் இறங்கிப் போவதைப் பார்ப்பேன். ஸ்டேஷன் மாஸ்டருக்கு என் முகம் பழகி, "யாரும் வாராவளா?" என்று முதலில் கேட்டார். பிறகு கேட்பதை விட்டுவிட்டார். பெஞ்சில் பக்கத்தில் உட்காருகிறவர்கள் கொஞ்ச நேரத்தில் எழுந்து வேறு பெஞ்சுக்குப் போவதை அந்த நாட்களில்தான் கவனித்தேன். முன்பும் அப்படித்தான் போயிருப்பார்கள்.

ஞாயிற்றுக்கிழமை ராயகிரிக்குப் போவேன். பஸ்ஸை விட்டு இறங்கி நேரே வீட்டுக்குப் போகமாட்டேன். வயலில் மாமனாரின் பம்புசெட் இருந்தது. அங்கே சோப்புப் போட்டுக் குளித்து, கொடியில் எனக்கென்று காயப்போட்டிருக்கும் வேட்டி சட்டையை உடுத்திக்கொண்டு, என் துணிகளைப் பம்புசெட் அறையிலேயே சுருட்டி வைத்துவிட்டுத்தான் போவேன். அப்படிப் போயும் அவளைத் தொடப் பயமாக இருக்கும். இரண்டு பேரும் முற்றத்தில் எதிரெதிராக உட்கார்ந்திருப்போம்.

"சாப்பாடு எங்க?"

"ஹோட்டல்லதான்."

"நல்லா இருக்கா?"

"இருக்கு."

முன்பு ஐஸ் வண்டியைப் பற்றிக்கூடச் சேர்த்து வைத்துச் சொன்னவள், வர வரச் சொல்ல ஒன்றுமில்லாதவள் மாதிரி ஆகிவிட்டாள். எனக்கும் கடையைத் தவிர என்ன இருந்தது? கடையைப் பற்றி அவளிடம் பேசமாட்டேன். சாயங்காலம் பஸ் ஏறும்போது என் பழைய துணிகளைத் திரும்ப மாட்டிக்கொள்வேன்.

என் அம்மா, அவளோடு உறவை அறுத்துவிட்டு வேறு பெண் பார்க்கலாம் என்று ஆள் அனுப்பினாள். முடியாது என்று சொல்லி அனுப்பினேன். அதன் பிறகு குருவிகுளத்துக்கும் போவது குறைந்தது. ஆடித்தபசுக்கு ஊர் நிறைய ஜனம் வரும். அம்மன் தவமிருந்து சுவாமியைக் காணுகிற நாள். எங்கள் பக்கத்தில் எந்தக் குடும்பமும் அன்றைக்கு வீட்டில் இருக்காது. புகையும் தூசியும் வேட்டும் இருக்கிற இடத்துக்கு அவளைக் கூட்டி வர முடியாது. நான் மட்டும் கூட்டத்தில் நின்று கும்பிடுவேன். அத்தனை ஜனத்துக்கு நடுவில் எனக்குத் தெரிந்தவர்கள் எல்லோரும் மருந்து வாங்க வருகிறவர்களாக இருந்தார்கள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை பம்புசெட்டில் குளித்துவிட்டு வரப்பில் வரும்போதே தெரிந்தது. மாமனாரின் பக்கத்து வயலில் நெற்பயிர் மேலெல்லாம் வெள்ளை பூத்திருந்தது. காலையில் தூவியிருக்கிறார்கள். காற்று ஊரைப் பார்த்து வீசிக்கொண்டிருந்தது. வரப்போரம் கிடந்த காலிப் பொட்டலங்களை ஒரு தடவை பார்த்தேன். மடிப்பு என்னுடையது.

வீட்டில் உள்ளறைக் கதவைச் சாத்தி, கீழ்ச் சந்தில் ஈரச் சாக்கைப் போட்டிருந்தார்கள். மாமனார் வாசலில் தலையைக் குனிந்து உட்கார்ந்திருந்தார்.

"நான் போன வருசமே நிப்பாட்டிட்டேன் மாப்பிள. அடுத்த வயக்காரனை என்னன்னு சொல்லுதது? அவனுக்குப் பயிர் போயிரும்லா."

கதவைத் திறக்காமல் வெளியே நின்று கூப்பிட்டேன். உள்ளே இழுப்பு கேட்டது. நின்று நின்றுதான் பேசினாள்.

"காலைல முழிக்கும்போதே... வாசம் வந்துட்டு. நீங்கதான் முந்துன பஸ்ஸுல... வந்துட்டியளோன்னு நெனச்சேன்."

கோபத்தில் சொல்லவில்லை. அவள் சொன்னதில் சந்தோஷமும் கொஞ்சம் இருந்தது. அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. அந்தச் சாக்குக்கு இந்தப் பக்கம் நான் சாயங்காலம் வரை உட்கார்ந்திருந்தேன்.

மறுநாள் முதலாளியிடம் வேலையை விடப்போவதாகச் சொன்னேன்.

"வெளிய போயி என்னவே செய்யப் போறீரு?" என்றார். "இது இல்லாம இப்போ வெள்ளாமை உண்டா? நான் இத்தன வருசமா இதுக்குள்ளதான் கெடக்கேன். எனக்கு என்ன ஆயிட்டு?" பேசும்போது அவர் கையிலிருந்த டீ கிளாஸ் லேசாக நடுங்கியது. வயசு என்று நினைத்தேன். பிறகு அவரே, "வேற எடம் கெடைக்குத வரைக்கும் இரும்" என்றார்.

வேறு இடம் தேடிச் சங்கரன்கோவில் முழுக்க நடந்தேன். அவள் மூக்கை வைத்துக்கொண்டுதான் ஒவ்வொரு இடத்தையும் பார்த்தேன். சாயப்பட்டறையில் கணக்குப்பிள்ளை வேலை இருந்தது, வாசலோடு திரும்பினேன். அச்சகத்தில் எழுத்துகளைக் கெரசினில் கழுவிக்கொண்டிருந்தார்கள். தீப்பெட்டித் தொழிற்சாலையில் மருந்து முக்குகிற இடத்துக்கு அடுத்த அறைதான் ஆபீஸ். ரைஸ்மில்லில் தவிட்டுத் தூசியும் உமிக் கரியும் பறந்தன. பெட்ரோல் பங்கில் கூப்பிட்டார்கள். ஒரு ஊரில் இத்தனை நெடி இருக்கிறது என்று எனக்கு அதுவரை தெரியாது. எல்லா இடத்திலும் ஆட்கள் சாதாரணமாக வேலை பார்த்துக்கொண்டிருந்தார்கள். சிலர் டிபன்பாக்ஸைத் திறந்து அங்கேயே சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள்.

கடைசியில் டாக்டரம்மாவிடமே போய் நின்றேன். அவருக்குத் தெரிந்த ஒரு மிஷன் பள்ளிக்கூடம் ஊருக்கு வெளியே இருந்தது. அங்கே ஆபீசில் ஆள் கேட்டிருந்தார்கள். சம்பளம் குறைவு. பள்ளிக்கூட வளாகத்துக்குள்ளேயே ஓட்டுவீடு ஒன்று தருவதாகச் சொன்னார்கள். சுற்றிலும் வேப்பமரங்கள். பக்கத்தில் வயலும் இல்லை, பட்டறையும் இல்லை. நான் முதலில் சேர்ந்து, பழைய துணிகள் ஒன்றையும் வைத்துக்கொள்ளாமல் எரித்துவிடலாமா என்று யோசித்து, அந்தப் புகையும் எங்கேயாவது போகுமே என்று குழி தோண்டிப் புதைத்தேன். மூன்று மாதம் கழித்து, வீட்டைச் சுண்ணாம்பு மட்டும் அடித்து வைத்து, அவளைக் கூட்டி வந்தேன்.

கூட்டி வந்ததும் எல்லாம் சரியாகிவிடவில்லை. அவள் ஒரு அறையில் தனியாகப் படுத்துப் பழகியிருந்தாள். நான் யாரிடமும் பேசாமல் பழகியிருந்தேன். அவள் பக்கத்தில் வந்தால் நான் என்னையறியாமல் ஒரு எட்டுப் பின்னால் வைப்பேன். ஒருநாள் அதைப் பார்த்துவிட்டு, "இன்னும் எதுக்கு ஒதுங்குதிய?" என்று கேட்டாள். அப்புறமும் ஒதுங்கினேன். எங்களுக்குப் பிள்ளைகள் இல்லை. நல்ல வயசு அந்த வருஷங்களில் போய்விட்டது என்று அவள் ஒரு தடவை சொன்னாள், பிறகு சொன்னதில்லை. மூச்சும் முழுக்க விட்டுப்போகவில்லை. பனிக்காலத்தில் வரும். தெருவில் யாராவது டயர் கொளுத்தினால் வரும். ஆனால் படுத்துத் தூங்கினாள், நடந்தாள், பள்ளிக்கூடக் கிணற்றில் தண்ணீர் இறைத்தாள்.

எண்பதுகளின் நடுவில் ஒரு மார்கழி வருவதற்கு முன்னால், வடக்கே ஒரு பெரிய ஊரில் தொழிற்சாலையிலிருந்து ராத்திரியில் விஷவாயு கசிந்து ஏராளமானவர்கள் இறந்துபோனதாக ரேடியோவில் சொன்னார்கள். சாயங்காலச் செய்தி. அவள் சாதத்தை வடித்து இறக்கிவிட்டு, கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள்.

"என்ன ஃபேக்டரின்னு சொன்னாவ?"

"பூச்சிமருந்து."

கையை நிறுத்திவிட்டாள். செய்தி முடிந்து வேறு எதுவோ போய்க்கொண்டிருந்தது. நான் எழுந்து ரேடியோவை அணைத்தேன்.

"தூங்கிட்டு இருந்தவங்கல்லாம் எந்திரிச்சு ஓடியிருக்காவ" என்றாள். "எந்தப் பக்கம் ஓடணும்னு எப்படித் தெரியும்?"

அதை என்னிடம் கேட்கவில்லை. கீரையை அப்படியே வைத்துவிட்டு வெளியே போய் வேப்பமரத்தடியில் நின்றாள். நான் வாசல்வரை போய் நின்றுவிட்டேன். நெசவாளர் தெருவில் அவள் நடுத்தெருவில் நின்றாளே, அந்தச் சில நிமிஷங்களில் அவளோடு யாரும் இல்லை. பிறகு வந்த வருஷங்களில் நான் அதைப் பற்றிக் கேட்டதில்லை, அவளும் சொன்னதில்லை. இப்போது கேட்கலாம் என்று நினைத்தேன். எப்படிக் கேட்பதென்று தெரியவில்லை.

இருட்டத் தொடங்கியதும் அவளே உள்ளே வந்தாள். சாதம் ஆறிப்போயிருந்தது. மிச்சக் கீரையை நான் ஆய்ந்து கொடுத்தேன். அவள் கடைந்தாள். இரண்டு பேரும் உட்கார்ந்து சாப்பிட்டோம்.